மறுமுனை பிடிக்கிறவர்

இந்தப் பட்டியை ஏற்றிவிட்டால் முடிந்தது. பதினோரு பட்டி ஏற்றியாயிற்று, இது பன்னிரண்டாவது, இதையும் வளைத்து ஒட்டி ஸ்க்ரூ போட்டுவிட்டால் இந்த வண்டிக்குள் பழசு என்று சொல்ல என்னையும் இவரையும் தவிர வேறொன்றும் இருக்காது. சாக்கைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடு இறங்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் சாக்கை முக்கி மரப்பட்டியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டால் தேக்கும் சொன்னபடி கேட்கும். மனுஷனை எவ்வளவு நேரம் விட வேண்டும் என்றுதான் எனக்கு யாரும் சொல்லவில்லை. பதினான்கு மாதம் விட்டுப் பார்த்தாயிற்று. இவர் என் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, நேற்றுக் கழற்றிய பழைய பட்டிகளிலிருந்து ஆணிகளைப் பிடுங்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டால் காலில் குத்தும் என்பார். கரூர் திருச்சி ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் தனியார் பஸ் ஓட்டிய சென்னியப்பன், ஹாரன் சத்தத்தை வைத்தே இன்னார் வண்டி என்று கடைவீதியே சொல்லுமே அந்தச் சென்னியப்பன், என் வீட்டுக்காரர், ஆணி பொறுக்குகிறார். பொறுக்கட்டும். இன்னும் ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு மணிக்குப் பழைய இரும்பு வியாபாரம் பண்ணும் ரப்பானி பாய்க்குத் தகரம் ஏற்றிக்கொண்டு லாரி வருகிறது. இது அவருடைய ஷெட், மூன்று மாதமாக எனக்கு விட்டுக்கொடுத்தார், லாரி வருவதற்குள் வண்டியை இங்கிருந்து வெளி கேட்டுக்குப் பக்கத்து ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். பாயின் ஜீப்பை முன்னால் மாட்டி வைத்தாயிற்று. “நம்ம டிரைவரை அனுப்புறேம்மா, ரெண்டு நிமிஷத்துல இழுத்து விட்ருவான்” என்றார் பாய் நேற்று. “வேண்டாங்க பாய், எங்க வீட்டுக்காரர் இருக்கறாரே, அவரே இழுத்துருவாரு” என்றேன் நான். பாய் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சரிம்மா என்று போய்விட்டார். அவருடைய டிரைவர் காலையிலேயே திண்டுக்கல்லுக்கு லோடு ஏற்றிப் போயாயிற்று. ஆக இந்தக் காம்பவுண்டுக்குள் ஜீப்பை எடுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான், அவர் ஆணி பொறுக்கிக்கொண்டிருக்கிறார், இதெல்லாம் அவருக்காகத்தான் என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் நடக்கும். என் கைவேலையில் எது நடக்காமல் போயிருக்கிறது? இந்த வண்டியை முதலில் பார்த்தபோது பாயே சிரித்தார், இதை எதுக்கும்மா நீங்க கேக்குறீங்க, எடைக்குப் போடத்தான் வாங்கிட்டு வந்தேன் என்றார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு இது. பதின்மூன்றடி நீளம், வளைந்த கூரை, ஒரு கட்டில், ஒரு மேஜை, அடுப்பு வைக்க ஒரு மூலை. எந்தக் காலத்திலோ அணைக்கட்டு வேலைக்கு வந்த ஒரு இன்ஜினியர் தங்கக் கட்டியதாம். அணை கட்டி முடித்து அவரும் போய்ச் சேர்ந்து, வண்டி கை மாறிக் கை மாறி, மூடிப்போன ஒரு மில்லின் தட்டுமுட்டுச் சாமான்களோடு பாயிடம் வந்து விழுந்தது. வெளித்தகடு கல்லு மாதிரி இருந்தது. உள்ளேதான் கோரம். கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஓடிய மரப்பட்டி, ஜன்னல் சுற்றிய பட்டி எல்லாம் செல் அரித்து, விரலால் தொட்டால் பிஸ்கட்டாக உதிர்ந்தது. நான் தொட்டேன், உதிர்ந்தது, எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. இது என் வேலை. குஷன் தைக்க என்று பஸ் பாடி கட்டுகிற பட்டறைக்குப் போனவள், இரண்டே வருஷத்தில் பீடிங் என்கிற இந்த ஓரப்பட்டி அடிக்கிற செக்ஷனுக்கு மாறினேன், பிறகு இருபத்திரண்டு வருஷம் உள்வேலை முடிக்கிற கை என்றால் துளசிமணி கைதான். நான் முடித்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த எவள் சேலையும் பீடிங்கில் மாட்டிக் கிழிந்ததில்லை. இன்னொன்றும் அந்தப் பட்டறையில் கற்றுக்கொண்டேன். நீளப் பட்டியைத் தனியாளாக ஏற்ற முடியாது. ஒருத்தர் மறுமுனையைக் கூரையோடு அமுக்கிப் பிடித்து நிற்க வேண்டும், இரண்டு கையும் மேலே. கடைசி ஸ்க்ரூ இறங்கும்வரை அவர் நகர முடியாது, மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாது. அப்படி நிற்கிற ஆளிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். என் தம்பி கல்யாணமே அப்படித்தான் முடிவானது, நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், கூட வேலை பார்த்த பொண்ணோட அத்தை ஸ்க்ரூவை முறுக்க முறுக்க ஒவ்வொரு விஷயமாகப் பேசி முடித்துவிட்டாள். இன்றைக்கு இவர் கையைத் தூக்கி நிற்கப் போகிறார். ஸ்க்ரூ என் கையில்.

என்ன பேச வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பயம் எல்லாருக்கும் வரும் என்று ஆரம்பிக்க வேண்டும். பட்டறையில் டிரில் மெஷின் எனக்கு ஷாக் அடித்ததே, தூக்கி எறிந்ததே, மறுநாள் அதே மெஷினைத்தானே போய்த் தொட்டேன், பயந்துகொண்டேதான் தொட்டேன். அதைச் சொல்ல வேண்டும். கேட் வரைக்கும் அறுபதடி, ரோட்டுக்குக்கூடப் போக வேண்டாம், முதல் கியரிலேயே போய்விடலாம். அறுபதடி ஓட்டியவர் அறுபது மைல் ஓட்டமாட்டாரா? பிறகு மேட்டூர், ஒகேனக்கல், அவருக்குத் தோன்றுகிற பக்கமெல்லாம், வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு. பயம்தான், வேறென்ன. பதினான்கு மாதத்துக்கு முன்னால் லாலாப்பேட்டைக்கு இந்தப் பக்கம் வாழைத்தோப்பு வளைவில் ஒரு மொபெட்காரர் திடீரென்று திரும்பி இவர் பஸ்ஸில் அடிபட்டதை பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், போலீசிலும் சொன்னார்கள், இவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கேஸையும் முடித்தாயிற்று. முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். இவர் வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். அதோடு சரி. பஸ் ஸ்டாண்டு வழியாகப் போக வேண்டியதற்கெல்லாம் சுற்றுவழி. மத்தியானம் கண் அசந்தால் வலது கால் மட்டும் கோரைப்பாயை அமுக்குகிறது, பிரேக், பிரேக், நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தக் காலைப் பார்ப்பேன், தொடையில் கை வைப்பேன், நிற்கும், மறுபடி அமுக்கும். ஒருவேளை மாட்டேன் என்றால்? மாட்டேன் என்று சொல்லமாட்டார். சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை, சண்டை போடலாம், சண்டையில் நான் தோற்றதில்லை. பேசாமல் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டி நடந்து போய்விடுவார். லாரி நிற்கும், பாய் நிற்பார், நான் நிற்பேன். அதோடு இவர் இனி எந்த வண்டிக்கும் வரமாட்டார், இதே மாதிரி ஆணி, வெங்காயம், சுற்றுவழி, இன்னும் இருபது வருஷம். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே மனசே. சாக்கு ஆறிவிட்டது. “ஏனுங்க, வந்து இந்த முனையக் கொஞ்சம் புடிங்க.”

வந்தார். சாக்கைப் பிரித்தேன், ஆவி முகத்தில் அடித்தது, தேக்கு வாசனை. வெதுவெதுப்போடு பட்டி வளைகிறது, அழகாக வளைகிறது, நான் சொன்னேனே. இவர் மேல் முனையைக் கூரையோடு அமுக்கினார், நான் நடுவை ஒட்டி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே ஜன்னலுக்குக் கீழே வரை வந்தேன். முடிகிற இடத்தில் பட்டி முடியவில்லை. இல்லை, முடிந்துவிட்டது, சுவர்தான் முடியவில்லை. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் பிளைவுட் தெரிகிறது. நன்றாக அமுக்கவில்லையோ என்று மேலேயிருந்து மறுபடி தேய்த்துக்கொண்டு வந்தேன். அதே கட்டைவிரல். நானா? நான் வெட்டியதா? கதவுப் பக்கம் இதே வளைவுக்கு அளந்தேன், டேப்பைப் பிடித்து இரண்டு தடவை அளந்தேன், ஆறடி ஒன்றரை அங்குலம், இரண்டு பட்டியையும் சேர்த்து வைத்து ஒரே வெட்டு. பட்டறையில் அப்படித்தான். ஒரு பக்கத்தை அளந்தால் போதும், பஸ்ஸின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது, எதிர்ப்பக்கத்தை அளக்கிறவளைப் பார்த்துச் சிரிப்போம், புதுசா என்று கேட்போம். இது அச்சில் வார்த்ததில்லை. எவனோ ஒருத்தன் கையால் வளைத்துக் கட்டியிருக்கிறான், அவன் கை இந்தப் பக்கம் கொஞ்சம் தாராளமாகப் போயிருக்கிறது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே முழுக்க உரித்துப் போட்டுப் பார்த்தவள் நான். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடலாம், மேலே வார்னிஷ் அடித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. “பத்தலையா?” என்றார் இவர் மேலேயிருந்து. “பத்தும் பத்தும், புடிச்சுக்குங்க.” “எனக்கு இங்கிருந்தே தெரியுது. அளந்துதானே வெட்டுன?” “அளந்தேனுங்க. அந்தப் பக்கம் அளந்தேன்.” “இது இந்தப் பக்கமாச்சே” என்றார். கேலி பண்ணுகிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன், இல்லை, சும்மாதான் சொன்னார். கோபம் எனக்கு என் மேல்தான், ஆனால் கோபம் எப்போது சரியான ஆளிடம் போயிருக்கிறது.

முதல் ஸ்க்ரூவை வைத்து முறுக்கிக்கொண்டே ஆரம்பித்துவிட்டேன், ஓட்டிப் பார்த்த வரிசையெல்லாம் மறந்துபோயிற்று. “பன்னெண்டு மணிக்கு லாரி வருதுங்க. நீங்கதான் ஜீப்ப எடுக்கோணும். பாய்கிட்டச் சொல்லிட்டேன்.” ஸ்க்ரூவை இன்னொரு சுற்று முறுக்கினேன். “கேட்டு வரைக்கும்தான். பயம் எல்லாருக்கும் வர்றதுதான், எனக்கு ஷாக் அடிச்சப்ப...” “பயம்ன்னு யாரு சொன்னது?” “சொல்லோணுமா? பதினாலு மாசமா பாத்துட்டுத்தான இருக்கறேன்?” “பயமில்ல துளசி.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார், அவருக்கும் வேறெங்கும் பார்க்க முடியாது. “அந்தாளு எடது பக்கம், கிளீனர் சைடுல, ஒதுங்கி வந்துட்டு இருந்தான். கண்ணாடியில பாத்தேன். திரும்புனான், இடிச்சுது, பிரேக்க அமுக்கி நிறுத்துனேன். எல்லாம் செஞ்சேன். நின்ன ஒடனே மொதல்ல என்ன பண்ணுனேன்னு தெரியுமா? கையத் தூக்கி வாட்சப் பாத்தேன். குளித்தலையில பத்து நாப்பத்திரண்டுக்கு எடுக்கோணும், டைம் போச்சே, பின்னால வர்ற பஸ்காரன் நம்ம ஆளுங்கள ஏத்திக்குவானேன்னு வந்துது. ஒரு மனுசன் சக்கரத்துக்குக்கிட்டக் கெடக்கறான், நான் டைம் பாக்கறேன். அப்புறம்தான் எறங்கி ஓடுனேன்.” எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும். “மனசுக்குள்ள ஆயிரம் வரும், அதுக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமாங்க?” என்றேன். “கையத் தூக்குனது மனசா?” என்றார். “இருபத்தெட்டு வருசத்துல நான் அப்படி ஆயிருக்கறேன், புள்ள. அப்படி ஆன ஆளு மறுபடி ஸ்டியரிங்குல உக்காரக்கூடாது. இதப் போலீசுல யாரும் கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.” மேலே பார்த்தேன். தூக்கிய கையில் வாட்ச் இல்லை. அது ரிப்பேர் என்று சொன்னார், நானும் நம்பினேன், ஒரு வருஷமாக எந்தக் கடையில் கொடுத்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் காலும்தான், கோரைப்பாயை அமுக்குகிற அந்தக் கால். பிரேக் என்று நானே வைத்துக்கொண்டேன், ஆக்சிலேட்டரையும் அதே கால்தான் அமுக்கும், எது என்று ஒருநாள் எழுப்பிக் கேட்டேனா? எனக்கு ஷாக் அடித்தது, எனக்குப் பயம் வந்தது, ஆகவே இவருக்கும் பயம். ஒரே வெட்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஸ்க்ரூவின் தலை தெரியவில்லை, முறுக்கியது வழுக்கி என் விரலில் இடித்தது. “கை கடுக்குது துளசி, மிச்ச ஸ்க்ரூவப் போட்டுரு” என்றார். போட்டேன். நான்கையும் போட்டேன். கீழே அந்தக் கட்டைவிரல் இடம் திறந்தே கிடந்தது.

அவர் கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டார், நான் தரையைக் கூட்டினேன், கூட்டிய இடத்தையே கூட்டினேன். என் கெட்டிக்காரத்தனம், லாரி, பாயின் டிரைவரை வேண்டாம் என்றது, ஆளை மேலே கை தூக்க வைத்துப் பேசிக் கவிழ்க்கலாம் என்றது. கவிழ்ந்தது நான். ஆனால் ஒன்று, பதினான்கு மாதத்தில் இப்போதுதான் இவர் என்னிடம் பேசியிருக்கிறார், அது எனக்கு இந்த வண்டியைவிடப் பெரிசு, அதை நான் விடப்போவதில்லை. லாரி சத்தம் கேட்டது. வெளியே வந்தால் கேட்டுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, பாய் கையைக் காட்டிக்கொண்டே ஓடி வருகிறார். “அம்மா, அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டான், உள்ள திரும்பணும், சார் எடுத்துட்டாருன்னா...” சார் என் பக்கத்தில்தான் நின்றார். தலை கவிழ்ந்திருந்தது, தரையில் எதையோ தேடுகிற மாதிரி. துண்டு தோளில் இருந்தது, கேட் திறந்திருந்தது, போகலாம் என்றால் போகலாம். போகவில்லை, நின்றார். ஓட்டமாட்டார், ஆனால் என்னை விட்டுவிட்டும் போகமாட்டார், அதனால் அவமானம் முழுவதையும் வாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்படி இவரை நிற்க வைத்தவள் நான்தான். “சாருக்குக் கை கடுக்குதுங்க பாய், இப்பத்தான் பட்டி புடிச்சாரு. நான் எடுக்கறேன்” என்றேன். “நீங்களா?” என்றார் பாய். ஏன், ஆயிரம் பஸ்ஸுக்கு உள்வேலை முடித்தவள், டிரைவர் சீட்டுக்கு நானே குஷன் தைத்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லை, அவ்வளவுதானே.

ஏறினேன். சீட்டு எனக்குத் தள்ளி இருந்தது, நுனிக்கு வந்து உட்கார்ந்தால் கால் எட்டியது. கீழே மூன்று பெடல். மூன்று என்று தெரியும். எது எது என்று நினைப்பதற்குள் இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டேன், ஓஹோ, இதுதான் நான் இவருக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த பயம், இது என்னுடையது, இங்கே இருக்கிறது. சாவியைத் திருப்பினேன், வண்டி முன்னால் ஒரு குதி குதித்து அப்படியே செத்துப்போயிற்று. லாரியில் இருந்தவன் சிரித்தான், சிரிக்கட்டும். இன்னொரு முறை திருப்பலாம் என்று கையை வைத்தபோது அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. இவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். “எடது கால் ஓரத்துப் பெடல்ல. முழுசா அமுக்கு. இன்னும். இப்பச் சாவியத் திருப்பு.” திருப்பினேன், பிடித்துக்கொண்டது, ஜீப் முழுக்க நடுங்கியது. “கியர எம் பக்கம் சாச்சு மேல தள்ளு. ஹேண்ட் பிரேக்க எறக்கு. இப்ப அந்த எடது கால மட்டும் மெதுவா விடு, பட்டிய வளைக்கிற மாதிரி.” விட்டேன். நகர்ந்தது. ஐயோ, நகர்ந்தது, பின்னால் பதின்மூன்றடி வீடு கடமுடவென்று கூடவே வருகிறது, ஸ்டியரிங் இரும்பாக இருக்கிறது, நான் திரும்பிப் பார்க்கப் போனேன். “திரும்பாத. முன்னாலயே பாரு. கிளீனர் சைடு நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு இவர் இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, ஷெட் தூணையும் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டு, “வரலாம், வரலாம், வா” என்று கதவுத் தகரத்தைத் தட்டினார். லாரிக்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான், ஒன்று, இரண்டு, விடாமல் அடித்தான், பாய் சீக்கிரம் சீக்கிரம் என்று கையைச் சுழற்றினார், என் வலது கால் தானாக ஆக்சிலேட்டரை அமுக்கப் போயிற்று. “அவன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான்” என்றார் இவர், தலையை உள்ளே எடுக்காமல். “நீ மெதுவாப் போ புள்ள.” நான் மெதுவாகப் போனேன்.